அத்தை ஏறி இறங்க ஒரு கார்: ஏலகிரி, ஜவ்வாது மலை, சோளிங்கர் பயணக் குறிப்புகள்

வெள்ளி, வேலூர்

புதிய கார் வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்பதை மட்டும் ஷோரூமில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். பின் இருக்கை காலியாகக் கிடக்க, விற்பனையாளர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பொத்தானாக விளக்கிக்கொண்டு வர, பைபாஸில் நேராகப் போய்த் திரும்பும் பத்து நிமிட ஓட்டத்தில் எல்லாக் காரும் நன்றாகத்தான் இருக்கும். எனவே வாங்க நினைக்கும் வகையிலேயே ஒரு காரை, அதாவது நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி ஒன்றைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, மாமா, அத்தை, மகள் ஆகியோரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, நாங்கள் வழக்கமாகப் போய்வரும் மலைப் பாதைகளிலேயே ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருக்கிறோம். ஆம்பூரிலிருந்து என் கொழுந்தனாரும் ஓரகத்தியும் தங்கள் டீசல் காரில் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆகவே இரண்டு கார்களையும் ஒரே சாலையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இருக்கிறது. இரண்டும் எந்த நிறுவனத்தின் தயாரிப்புகள் என்று நான் எழுதப் போவதில்லை. வாடகைக் கார் ஒன்றை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவது நியாயமாகாது.

வாடகைக் காரில் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது, கியர் கையால் மாற்றுவது. கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் இது வாடகை வண்டி என்று தெரிந்துவிட்டது.

இந்த நான்கு மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்டார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். நீளம் என்றால் பன்னிரண்டு மீட்டரிலேயே யோசிப்பவர். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தபோது, சிறிய கார் என்பதற்கு நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் என்று வரையறை வைத்தார்கள். அந்த வரையறைக்குள் உயரமான ஒரு காரை எப்படி அடக்குவது என்று நிறுவனங்கள் யோசித்ததன் விளைவுதான் இன்று தெருவெங்கும் நிற்கும் இந்த வண்டிகள். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் வந்தது. பின்னர் 2016இல் பிரெஸ்ஸாவும், 2017இல் நெக்ஸானும், 2019இல் வென்யூவும் எக்ஸ்யூவி 300உம், 2020இல் சோனெட்டும் மேக்னைட்டும் வரிசையாக வந்தன. ஈகோஸ்போர்ட் நின்றுபோய்விட்டாலும் வேலூர்ச் சாலைகளில் அது இன்னமும் நிறையவே ஓடிக்கொண்டிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரையறைக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரையறையைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். நீளம் மட்டும் நான்கு மீட்டருக்குள் இருந்தால் போதாது. 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட பிரெஸ்ஸா நீளத்தில் தேறினாலும் எஞ்சின் அளவில் தாண்டிவிடுவதால் 40 சதவீதப் பட்டியலில்தான் நிற்கிறது. அந்தக் கூடுதல் வரிக்கு ஈடாக, டர்போ இல்லாமலே ஒழுங்காக இழுக்கும் பெரிய எஞ்சின் கிடைக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

மாலையில் லாங் பஜார் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். நீளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் எங்கள் தெருவுக்கு அகலம்தான் முக்கியம். இந்த வகையில் வென்யூவின் முந்தைய தலைமுறை 1,770 மில்லிமீட்டர், நெக்ஸான் 1,804, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1,821 என்று அகலம் மாறுகிறது. இவை எவற்றிலும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் கணக்கில் வராது. எங்கள் இரும்புக் கேட்டில் கண்ணாடிகளை மடக்கினால் இரு பக்கமும் ஒரு சாண் மிஞ்சுகிறது. கார் வாங்குபவர்கள் கையோடு ஒரு டேப்பை எடுத்துச் செல்லலாம். ஷோரூமில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சனி, வேலூர் – ஆம்பூர் – ஏலகிரி

வெயிலுக்கு முன்பே கிளம்பிப் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்தோம். நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சிறிய எஞ்சின் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஐந்து பேர் ஏறியிருந்தும் ஏசி குளிர்ந்தது, பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. லாரியை முந்த வேண்டுமானால் மட்டும் ஐந்தாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, எஞ்சின் குரலெடுத்த பிறகே வலப்பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது. சமதளத்தில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண் என்றே அப்போது தோன்றியது.

ஆம்பூரில் கொழுந்தனார் வீட்டில் பிரியாணியும் கத்திரிக்காயும் ஆன பிறகு இரண்டு கார்களும் சேர்ந்து கிளம்பின. வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் மலை தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. மகள் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

முதல் சில வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறிவிட்டேன். அதற்கு மேல் ஒரு வளைவில் எதிரே பேருந்து இறங்கி வந்ததால் ஓரமாக ஒதுங்கி நின்று கிளப்ப வேண்டியதாயிற்று. முதல் கியரில் நகர்ந்து இரண்டாவதுக்கு மாற்றியதும் வண்டி சோர்ந்து பின்வாங்கியது; ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தும் வேகம் கூடவில்லை. மறுபடி முதல் கியருக்கு வந்தால் எஞ்சின் அலறுகிறது, இரண்டாவதுக்குப் போனால் திணறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கியர் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. ஏசியை நிறுத்தியதும் சற்று மூச்சு வந்தது. பின்னாலிருந்து மாமா, "எஞ்சினைத் திட்டாதம்மா, அஞ்சு பேரு ஏறி உக்காந்திருக்கோம். ரெண்டாவதுலயே வுட்டு மிதி, கீழ எறங்கவுடாத" என்றார். அவர் சொன்னபடி வேகம் விழுவதற்கு முன்பே கியரை இறக்கி, எஞ்சினைச் சுழற்சியிலேயே வைத்திருந்து ஓட்டியபோது ஏறியது உண்மைதான். ஆனால் காட்சியைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் ஓட்டமாக அது இருக்கவில்லை.

பாதி மலையில் இடமிருந்த ஒரு திருப்பத்தில் நிறுத்தி, எங்கள் ஐந்து பேரும் அப்படியே கொழுந்தனாரின் டீசல் காருக்கு மாறினோம். அவர்கள் எங்கள் காருக்குப் போனார்கள். மலையும் பாரமும் மாறவில்லை, மாறியது எஞ்சின் மட்டும்தான். டீசல் கார் இரண்டாவது கியரில் பாதி மிதியிலேயே ஏறியது. ஏசி ஓடிக்கொண்டேயிருந்தது. வளைவில் நின்று கிளப்பியபோதும் கிளட்சை விட்டதும் நகர்ந்தது.

இதற்குக் காரணம் குதிரைத்திறன் அல்ல. விளம்பரங்களில் பெரிதாகப் போடும் அந்த எண் எஞ்சின் உச்சச் சுழற்சியில் தருவது. மலையில் நமக்கு வேண்டியது டார்க் எனப்படும் முறுக்குவிசை, அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. ஒரே காரில் மூன்று எஞ்சின்கள் கிடைப்பதால் வென்யூவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். அதன் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சின் சுமார் 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் 172 தருகிறது. 1,500 சுற்றிலேயே அது வந்துவிடுகிறது. 1.5 லிட்டர் டீசல் 250 தருகிறது. அதுவும் 1,500 சுற்றிலிருந்தே கிடைக்கிறது. இதற்கு மேல், ஏலகிரி போல ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெருமளவு ஈடு செய்துகொள்கிறது. லிட்டர் குறைந்தால் வலு குறையும் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

அப்படியானால் டீசலே வாங்கிவிடலாமே என்று ஓரகத்தி கேட்டாள். கொழுந்தனார் தோல் வியாபார வேலையாக வாரந்தோறும் சென்னைக்குப் போய்வருபவர். அவருக்கு டீசல் பொருந்துகிறது. எங்கள் காரோ ஆண்டில் பெரும்பாலான நாட்கள் கொசப்பேட்டைக்கும் காட்பாடிக்கும் நடுவே, பாலாற்றுப் பாலத்திலும் ரயில்வே மேம்பாலத்திலும் ஊர்ந்துகொண்டிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நீண்ட, சீரான, சூடான ஓட்டம் வேண்டும். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் ஓடி அணைக்கப்படும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். எனவே டீசல் எங்களுக்கு இல்லை.

இரவு உணவின்போது மகள் சன்ரூஃப் வேண்டும் என்றாள். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் கூரையில் கண்ணாடி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுடைய அப்பா கேட்டார். அவளிடம் பதில் இருந்தது, எங்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

ஞாயிறு, ஏலகிரி – ஆலங்காயம் – காவலூர் – ஜமுனாமரத்தூர்

அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவர் காரில் ஏறுவதை இதுவரை நான் கவனித்ததே இல்லை. இன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கவனித்தேன். முதலில் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, பக்கவாட்டில் அமர்கிறார். பிறகு புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வலது முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கி உள்ளே வைக்கிறார். இடது கால் வருவதற்குள் கதவின் கீழ்விளிம்பில் செருப்பு தட்டுகிறது. அந்தக் கீழ்விளிம்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், பின் சக்கரத்தின் மேடு கதவு வாயை எந்த அளவுக்குத் தின்கிறது, கதவு எவ்வளவு தூரம் விரியத் திறக்கிறது என்பவைதான் அவருக்குக் கார். இவற்றில் எதுவும் விளம்பரத் தாளில் இல்லை.

என் கணவர் டேப்பால் அளந்தார். எங்கள் பழைய சிறிய காரின் பின் இருக்கை தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அதில் அத்தை விழுவது போல உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வாடகைக் காரில் 66 சென்டிமீட்டர். கொழுந்தனாரின் காரில் 71. அதில் அத்தை ஏணி ஏறுவது போல ஏற வேண்டியிருக்கிறது. எஸ்யூவி என்றால் உயரம், உயரம் என்றால் வசதி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நிற்பவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கை வரவேண்டும், அவ்வளவுதான். அந்த அளவு ஒவ்வொரு வீட்டு அத்தைக்கும் ஒவ்வொன்று. "ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம், அப்படியே உக்காந்தா போதும்னு இருக்கணும்" என்பது எங்கள் அத்தையின் தீர்ப்பு. வாடகைக் காருக்கே அவர் வாக்கு விழுந்தது.

மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் சாலையைப் பிடித்தோம். ஊருக்கு ஊர் வேகத்தடைகள். பாதிக்கு மேல் வெள்ளைக் கோடு இல்லாதவை. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி, என்று நிறுவனங்கள் தரும் எண் பெரும்பாலும் ஆளில்லாத காருக்கானது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நெக்ஸானுக்கு 208 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவுக்கு 198, ஸ்கோடா கைலாக்குக்கு 189 என்று தாளில் இருப்பவை ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் பின்பக்கம் அமுங்கிக் குறைகின்றன. எவ்வளவு அமுங்குகிறது என்பது ஸ்பிரிங்கைப் பொறுத்தது. எங்கள் வாடகைக் கார் ஒரே ஓர் இடத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. அது ஒரு பள்ளியின் முன்னால் யாரோ சிமெண்டால் தாங்களே கட்டிக்கொண்ட வேகத்தடை. பத்து மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக ஒரு காரைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுப்பதில் பொருளில்லை என்பதே என் முடிவு. 170, 180க்கு மேல் எது இருந்தாலும் நம் ஊர்ச் சாலைக்குப் போதும்.

ஆலங்காயம் தாண்டியதும் ஜவ்வாது மலைக்காடு தொடங்குகிறது. ஏற்றம் ஏலகிரியைப் போலச் செங்குத்தாக இல்லாமல் மெல்ல மெல்ல உயர்வதால் சிறிய எஞ்சின் இங்கே தடுமாறவில்லை. 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. 1986இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அதற்குள் இருக்கிறது. மாமா இந்த வழியாகப் பேருந்து ஓட்டிய காலத்தில் இரவில் விளக்கைத் தாழ்த்தி ஓட்டச் சொல்வார்களாம்.

பின் இருக்கையில் மூன்று பேர் அமர்வது பற்றி ஒரு வார்த்தை. நடுவில் மகள். தரையில் நடுவே ஓடும் மேடு அவள் கால்களைப் பிரித்து வைக்கிறது. நடு இருக்கைக்குத் தலைசாய்ப்பு இல்லை. நடுவில் வரவேண்டிய ஏசி காற்றுவாய் மட்டும் இருக்கிறது, அது பெரிய நிம்மதி. சிறிய எஸ்யூவி என்பது நான்கு பேருக்கு நிறைவான வண்டி, ஐந்தாவது ஆள் பிள்ளையாக இருந்தால் சமாளிக்கலாம். ஐந்தும் பெரியவர்களாக உள்ள வீடு, நான்கு மீட்டர் வரிச்சலுகையை மறந்துவிட்டு அடுத்த அளவுக்குப் போவதே நல்லது. எங்கள் மகளும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள் என்பதால் இந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. எனினும் அத்தையும் மாமாவும் எங்களோடு நீண்ட பயணம் வருவது ஆண்டுக்கு ஓரிரு முறைதான்.

திங்கள், ஜமுனாமரத்தூர் – போளூர் – வேலூர்

காலையில் அரை மூட்டைச் சாமையும் தேனும் இரண்டு பலாப்பழங்களும் வாங்கினோம். டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கிறார்கள். பிரெஸ்ஸா 328, நெக்ஸான் 382, கைலாக் 446. இவற்றில் எதுவும் பலாப்பழத்துக்கு உதவவில்லை. டிக்கியின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, உள்தரை அந்த வாய்க்கு எவ்வளவு கீழே பள்ளமாக இறங்குகிறது என்பதுதான் கனமான பொருளைத் தூக்கி வைப்பவருக்குத் தெரிய வேண்டியது. முள்ளுத்தோல் பழத்தை இடுப்புயரத்துக்குத் தூக்கி, பிறகு குழிக்குள் குனிந்து இறக்கியதில் என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சிஎன்ஜி எனப்படும் இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டியாக இருந்திருந்தால் எரிவாயு உருளை அந்த இடத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். டாடா நிறுவனம் நெக்ஸானில் இரண்டு சிறிய உருளைகளைத் தரைக்கு அடியில் வைத்து இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. ஆனாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உருளையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், மலையில் சிஎன்ஜி பங்க் தேட வேண்டும் என்பவற்றை யோசித்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

பழத்தை இறக்கிவிட்டு ஸ்டெப்னியையும் பார்த்துவைத்தோம். மற்ற சக்கரங்களைவிட அது ஒல்லியானது. எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சக்கரத்தோடு முழுப் பாரத்தில் மலை இறங்க எனக்குத் துணிவு வராது.

போளூர் நோக்கி இறங்கும் மலைப்பாதையில் மாமா முன் இருக்கைக்கு வந்தார். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவருடைய காலத்து ஓட்டுநர்களுக்கு முதல் பாடம். இரண்டாவது கியரில் விட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தி விட்டுவிட வேண்டும். வழியில் ஒரு கார் ஓரமாக நின்று முன் சக்கரத்திலிருந்து புகைந்துகொண்டிருந்தது. கருகிய வாசம் எங்கள் காருக்குள்ளும் வந்தது. நியூட்ரலில் விட்டு முழுப் பாதையையும் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கியரை நாமே கீழே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா, ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் சில நொடிகள் தானே பிடித்து நிறுத்துகிறதா என்பவை இரண்டும் மலையோரம் வாழும் நமக்குத் தொடுதிரையைவிட முக்கியம்.

கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூருக்கு வந்து, கிளம்பும்போது நிரப்பிய அதே பங்கில் மறுபடி நிரப்பினோம். மலையும் சமவெளியும் கலந்து லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருந்தது. இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. தாளில் அச்சிட்ட மைலேஜ் ஆய்வகத்தில் எடுத்த எண். இரண்டு கார்களை ஒப்பிட அதைப் பயன்படுத்தலாம். மாதச் செலவைப் போட அதை நம்பக்கூடாது.

செவ்வாய், சோளிங்கர்

மலைக்கோயிலுக்கு 1,305 படிகள். 2024இல் ரோப் கார் வந்ததால்தான் அத்தை இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். யோக நரசிம்மர் தரிசனம் நல்லபடியாக முடிந்தது.

வாலாஜாவிலிருந்து சோளிங்கர் செல்லும் வழி நெடுகக் கார் சம்பந்தமான பேச்சுதான், அதற்கு ஊரும் ஒரு காரணம். சோளிங்கரில் பிரேக் பாகங்கள் தயாராகின்றன, அரக்கோணம் பக்கத்தில் டயர் ஆலை, பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பழைய வட ஆற்காட்டின் இந்த மூலை, கார் வாங்கும் ஊராக மட்டுமில்லாமல் கார் செய்யும் ஊராகவும் ஆகிக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்பு மதிப்பெண் பற்றி மாமாவுக்குச் சந்தேகம் இருந்தது. 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றபோது, இந்தியாவில் தயாரான கார்களில் அதுவே முதல். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற பெயரில் இங்கேயே சோதிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரக் காரில் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்த நட்சத்திரம் எந்த உதவியும் செய்யாது என்று சொன்னதும், அத்தை பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது கழுத்தில் அறுப்பதாகச் சொன்னார். பார்த்தால் உண்மைதான், குள்ளமானவர்களுக்குப் பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் படுகிறது. ஷோரூமில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

புதன், வேலூர்

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து பேருமாக ஷோரூமுக்குப் போனோம். சோதனை ஓட்டத்துக்கு எல்லோரும் ஏற வேண்டும் என்றதும் விற்பனையாளர் தயங்கினார். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க என்றுதான் வழக்கமாம். ஐந்து பேருக்காக வாங்கும் காரை ஒருவர் ஓட்டிப் பார்த்து என்ன பயன் என்று மாமா கேட்டதும், அவரே இறங்கிக்கொண்டு எங்களை அனுப்பி வைத்தார். ஒரு லிட்டருக்குள் அடங்கும் டர்போ பெட்ரோல், கையால் மாற்றும் கியர். மேம்பாலச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டாவது கியரிலேயே கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். அரை நொடி யோசித்துவிட்டு இழுத்தது. அந்த அரை நொடித் தாமதம் டர்போவின் குணம். நகர நெரிசலில் அது சற்று எரிச்சலூட்டும், மலையில் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கை உயரம் 65 சென்டிமீட்டர். பின் கதவு ஏறக்குறைய நேராக விரிகிறது. அத்தையின் செருப்பு எங்கும் தட்டவில்லை. பெல்ட்டும் தோளில்தான் படிந்தது.

எந்த வேரியண்ட் என்பதை வரியே தீர்மானித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வாழ்நாள் வரியின்படி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம்; பத்து லட்சத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9,90,000 ரூபாய்க் காருக்கு 1,28,700 ரூபாய் வரி. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் விலை வேறுபாட்டுக்கு வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுகிறது. பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு. அதைப் பிறகு கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். விற்பனையாளர் சன்ரூஃப் உள்ள அடுத்த வேரியண்டுக்கு "கொஞ்சம்தான் சார் கூடும்" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் என்பது எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது.

எனவே பத்து லட்சத்துக்குள் அடங்கும் நடுத்தர வேரியண்டை எடுத்தோம். வெயிலுக்கு ஏற்ற வெள்ளை நிறம், சன்ரூஃப் இல்லை, பின் காற்றுவாய், ஆறு ஏர்பேக், ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி ஆகியவை இருக்கின்றன. மகளின் முகம் சுருங்கியது. பின்னால் சார்ஜ் போட இரண்டு இடங்கள் இருப்பதைக் காட்டியதும் ஓரளவு தெளிந்தது.

சீட் கவர், கதவோரத் தகடு, பெயிண்டுக்குப் பூச்சு என்று நீண்ட பட்டியலில் தரைமிதியடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாமா அடித்துவிட்டார். காப்பீட்டை அங்கேயே போட்டுவிடச் சொன்னார்கள். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 அறிவிப்பின்படி அது 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய். எங்கும் ஒரே தொகை. இந்தச் சிறிய டர்போ எஞ்சினால் எங்களுக்கு நான்காயிரம் மிச்சம். சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதற்கு வெளியே இரண்டு இடங்களில் விலை கேட்டிருக்கிறோம். குறைவாக வருவதை அதே ஷோரூமில் காட்டி, அந்த விலைக்கே தருவார்களா என்று நாளை கேட்கப் போகிறோம்.